மூன்று முறை திரும்பி வந்த கோழிக்கூடு

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் போட்ட கோட்டில் குற்றம் கண்டே காலம் தள்ளிய ஒருவர், தன் கையால் ஒரு வீட்டை வரைந்தால் அதில் குற்றம் இருக்குமா, இருக்காதா? நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்து அடங்கும். கேட்டவர்கள் எல்லோரும் அந்த அம்மாளின் மேசைக்குக் குரல் எட்டாத தூரத்தில் நின்றுதான் கேட்டார்கள். அங்கே அவருக்குச் 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். வீடு கட்ட அனுமதி கேட்டு யார் வரைபடம் கொண்டுவந்தாலும் அது முதலில் அவர் மேசைக்குத்தான் போகும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளின் மேல் ரூல்தடியை வைத்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நகர்வார். முணுமுணுப்பு நின்றால் வரைந்தவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார். அந்த இடத்தில் பென்சில் இறங்கப்போகிறது என்று அர்த்தம்.

ஒரு நாளும் ஒருவரிடமும் அவர் கை நீட்டியதில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்த்ததும் இல்லை. இப்படிப்பட்டவர்களை மெச்சுவது எளிது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது வேறு விஷயம்.

அப்படிக் குடியிருந்தவர் அவருடைய கொழுந்தன், தச்சு வேலை செய்பவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் தோட்டம். இந்தப் பக்கம் தச்சரின் பட்டறை, அதை ஒட்டி அவர் மனைவி துணி தைக்கிற அறை. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அறையைக் கட்டத்தான் தச்சர் நகரசபையில் வரைபடம் கொடுத்தார். சொந்த அண்ணி, சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிடும் என்று மேஸ்திரியிடம் நாள் வேறு சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் வரைபடம் திரும்பி வந்தது. வடக்குத் திசைக் குறி இல்லையாம். குறியைப் போட்டுக் கொடுத்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டவில்லை என்று மறுபடி வந்தது. காட்டிக் கொடுத்தார். மூன்றாம் முறை வந்ததுதான் நெஞ்சில் தைத்தது. அண்ணியின் தோட்டத்தைப் பார்த்த சுவரில் அவர் ஆசையாக வரைந்திருந்த ஜன்னலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிவப்புக் கோடு. ஓரத்தில், அச்சடித்தது போன்ற எழுத்தில், 'பக்கத்து மனையின் எல்லைக்கு ஆறடிக்குள் ஜன்னல் கூடாது.'

ஜன்னலை அழித்துவிட்டுக் கொடுத்தார். அன்றைக்கே அனுமதி கிடைத்தது.

கூரை போட்டு முடித்த பிறகுதான், அதே விதிக்கு அடுத்த வரி ஒன்று இருப்பது தச்சர் காதுக்கு வந்தது. பக்கத்து மனைக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து மனை யார் பெயரில் இருக்கிறது என்று தச்சர் எந்த அலுவலகத்திலும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணியின் பெயரில்தான் இருந்தது.

"போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"அந்த வரி அவங்களுக்குத் தெரியாதா? நான் போய்ச் சொல்லித்தான் தெரியணுமா?" என்றார் தச்சர்.

பதின்மூன்று வருடம் அந்த அறையில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும் நாள்களில் அவர் மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெரு வாசலுக்கு வந்துவிடுவாள். தச்சர் ஊர் முழுவதற்கும் ஜன்னல் செய்து மாட்டினார். இரண்டு கதவு ஜன்னல், நான்கு கதவு ஜன்னல், மேலே வளைவு வைத்தது, கண்ணாடி போட்டது. சாப்பிட உட்காரும்போது மனைவி கண்ணைக் கசக்கினால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு ஜன்னல்தான். ஆனால் அதை அவராகக் கேட்க மாட்டார், அண்ணி தானாகத் தர வேண்டும். இப்படி ஆசைப்படுவது ஒருவகையில் தன்மானம், இன்னொருவகையில் சோம்பல். இரண்டில் எது எவ்வளவு என்று அவரே பிரித்துப் பார்த்ததில்லை.

சிவப்புப் பென்சில் ஓய்வு பெறும் நாள் வந்தது. பரிசாக என்ன வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சுவர்க் கடிகாரம் என்றுதான் சொல்வார் என நினைத்து, கடையில் ஒன்றை ஏற்கெனவே பார்த்தும் வைத்திருந்தார்கள். அண்ணி ஆறு கோழிக்குஞ்சு கேட்டார். கேலி செய்கிறாரோ என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் அவர் கேலி செய்து யாரும் கேட்டதில்லை, அதனால் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஆறு குஞ்சு வந்து சேர்ந்தன.

அவற்றுக்குப் பெயரும் வைத்தார். கமிஷனர், ஓவர்சீயர், கேஷியர், டைப்பிஸ்ட், டெஸ்பாட்ச், பியூன். பெயருக்கு ஏற்ற குணமா, குணத்துக்கு ஏற்ற பெயரா என்று தெரியாது. எங்கே தீனி போட்டாலும் கமிஷனர் கடைசியாக வந்து முதலில் தின்னும். டெஸ்பாட்ச் எதையாவது வாயில் கவ்விக்கொண்டு இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. பியூனுக்குத்தான் எல்லா வேலையும் தெரியும்.

கூடு கட்டும்வரை குளியலறையில் இருக்கட்டும் என்றார் அண்ணி. அங்கேதான் அவர் கணவருக்கு, அதாவது தச்சரின் அண்ணனுக்கு, சனி பிடித்தது.

அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவிலிருந்து காலையில் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. அவருக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை, ஏனென்றால் மனைவியைவிட எட்டு மாதம் இளையவர். வீட்டுக்குள்ளேயே புழங்கும் இந்த ரகசியத்தைத் தச்சர் வேண்டுமென்றே நாலு பேர் முன்னால் எடுத்துவிடுவார். அந்த அண்ணன் தினமும் விடிவதற்கு முன் ஆறு கோழிகளின் நடுவே நின்று குளித்தார். சோப்பு கீழே விழுந்தால் கேஷியர் கொத்திவிடும். துண்டைக் கொடியில் போட்டால் அதன் மேல் கமிஷனர் ஏறி உட்காரும். மூன்று மாதம் பொறுத்தார். குஞ்சுகள் பெருத்து, இடம் சிறுத்து, குளியலறையில் மனிதர் நிற்க ஒரு காலுக்குத்தான் இடம் என்று ஆனபோது, தம்பியின் பட்டறைக்கு வந்து மரத்தூளில் உட்கார்ந்தார்.

"டேய், மாசக் கடைசிக்குள்ள கூடு கட்டிக் குடு. இல்லைன்னா ஆறையும் டிப்போ கேண்டீனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். சமையல்காரர் தினமும் 'எவ்வளவு எடை வந்திருக்கு'ன்னு கேக்குறாரு."

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். பிளான் வரைஞ்சு உன்கிட்ட குடுக்கிறாளாம்."

இழைப்புளி ஓட்டிக்கொண்டிருந்த தச்சரின் கை அப்படியே நின்றது. பதின்மூன்று வருடமாகச் சும்மா கிடந்த ஏதோ ஒன்று அவருக்குள் எழுந்து சோம்பல் முறித்தது. ஆணி டப்பாவைக் கிளறி, மரத்தில் குறி போடும் பென்சில்களுக்குள் கிடந்த சிவப்புப் பென்சில் ஒன்றைத் தேடி எடுத்து, உளியால் கூராகச் சீவி வைத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் அண்ணி வரைபடத்தோடு வந்தார். கோழிக்கூட்டுக்கு அப்படி ஒரு வரைபடம் அதற்கு முன் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னால் நின்று பார்த்தால் எப்படி, குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி என்று மூன்று படம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த பலகைத் தளம். ஏறிச் செல்லச் சரிவுப் பலகை, அதில் கால் வழுக்காமல் இருக்கக் கையகலத்துக்கு ஒரு சட்டம். ஆறு கோழி வரிசையாக உட்கார மேலே ஒரு தூங்குகட்டை. கீழே, தோட்டத்தைப் பார்த்த பக்கத்தில், ஆளுக்கொன்றாக ஆறு முட்டைப் பெட்டி, ஆறும் ஒரே அளவு. தச்சரின் சுவர் நிழல் விழும் மூலையில், அந்தச் சுவரைப் பார்த்தபடி காற்றுக்கு ஒரு ஜன்னல்.

தச்சர் உள்ளுக்குள் அசந்துபோனார். அதை முகத்தில் காட்டாமல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் ஏற்றினார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தாளின் மேல் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அண்ணி, இதுல வடக்கு எங்க?"

அண்ணி குனிந்து பார்த்தார். வடக்கு இல்லை. வாழ்நாளில் ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்ததைத் தானே மறந்திருந்தார்.

"கோழிக்குத் திசை தெரியாம இருந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று தச்சர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணிக்குச் சுருக்கென்று தைக்கும், பழையதெல்லாம் ஞாபகம் வரும், ஜன்னல் பேச்சை அவராகவே எடுப்பார் என்பது தச்சரின் கணக்கு. அண்ணியோ தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, விட்டுட்டேன். நல்லாத்தான் பாக்குற" என்றார். நடையில் ஒரு துள்ளலோடு வேலியைத் தாண்டிப் போனார். அன்று மாலை வடக்குத் திசைக் குறியோடு வரைபடம் வந்தது. அம்புக்குக் கோழிச் சிறகு போல வால் கூட வரைந்திருந்தார்.

இரண்டாம் முறை தச்சர் கதவில் கை வைத்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டவில்லை. உள்பக்கம் திறந்தால் வாசலில் நிற்கும் கோழியின் கொண்டையில் இடிக்கும் அபாயம் உண்டு. மேலும், குடியிருக்கப்போகிறவர்களின் விவரம் இணைக்கப்படவில்லை. இதை எழுதும்போது அவருக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் வந்த தாளில் கதவு வெளிப்பக்கம் திறந்தது. கூடவே தனித் தாளில் ஆறு பேரின் விவரம், பெயர், வயது, நிறம், எடை, நடத்தை. கமிஷனருக்கு நேராக 'தலைக்கனம் உண்டு', டைப்பிஸ்டுக்கு நேராக 'ஓயாத சத்தம்'. பியூனுக்கு நேராக ஒரு குறையும் எழுதவில்லை.

"உன்னை மாதிரி ஒரு ஆள் அங்க எனக்கு எதிர் மேசையில இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார் அண்ணி. மனதாரச் சொன்னார். பழிவாங்குகிற ஆளுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. தச்சர் ஓங்கிய கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அண்ணன் தினமும் காலையில் வேலி ஓரமாகத் தலையில் இறகோடு வந்து நின்று தம்பியை முறைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் முறைதான் தச்சர் பதின்மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தார். கூட்டின் ஜன்னல் அவருடைய சுவரைப் பார்த்து இருந்தது. வேலிக்கும் அதற்கும் நாலடிதான். பென்சிலை நாக்கில் தொட்டு, ஜன்னலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு, பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'பக்கத்து மனையின் எல்லைக்கு ஆறடிக்குள் ஜன்னல் கூடாது.'

அண்ணி அதை வாசித்தார். வழக்கமான முணுமுணுப்பு நின்றது. பட்டறையில் எங்கோ ஒரு சுருள் மரச்சீவல் காற்றில் உருண்டது. தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். இப்போது சொல்வார், அடுத்த வரியைச் சொல்வார், 'நீ எழுதிக் குடுத்தா வைக்கலாமே தம்பி' என்பார். உடனே, 'அப்ப நீங்க ஏன் எழுதிக் குடுக்கல அண்ணி?' என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயில் தயாராக வைத்திருந்தார்.

"சரிதான்" என்றார் அண்ணி. "விதின்னா விதிதான். மாத்திடுறேன்."

தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்த தச்சர் தட்டின் ஓரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். அவள் அந்த மாதம் முழுவதும் பள்ளிச் சீருடைத் தையலில் மூழ்கியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த இந்தக் கூத்து எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒன்றுமில்லை என்றார் தச்சர்.

மாற்றிய வரைபடத்தில் ஜன்னல் எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தது. அங்கே கீழே இருந்த முட்டைப் பெட்டிகள் ஜன்னலுக்கு வழிவிட்டுக் கூரைக்கு அடியில் ஏறியிருந்தன. மேலே இருந்த தூங்குகட்டை, பெட்டிகளுக்கு வழிவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. எல்லாம் அளவு பிசகாமல் பொருந்தியிருந்தன. தச்சருக்கு இனி குற்றம் கண்டுபிடிக்கத் தெம்பில்லை. 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தை அறுக்கத் தொடங்கினார்.

கூடு அழகாக வந்தது, அதை மறுப்பதற்கில்லை. மூலைப் பொருத்தெல்லாம் ஆணி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கவ்வி நின்றது. முட்டைப் பெட்டி ஆறுக்கும் வெளியிலிருந்து திறக்கத் தனித்தனி மூடி. கம்பி வலையின் கூர்முனை எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னதாக அண்ணன் ஆறு கோழியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டார். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

அன்று பொழுது சாயும்போது ஆறு கோழியும் சரிவுப் பலகையில் ஏறி உள்ளே போயின. தூங்குகட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு கூரைக்கு அடியில் இருந்த முட்டைப் பெட்டிகளில் போய் அடைந்தன. கமிஷனருக்கு ஒரு பெட்டி தனியாக. மற்ற ஐந்தும் இன்னொரு பெட்டியில் திணிந்து கிடந்தன. நாலு பெட்டி காலி.

புது இடம், பழகிவிடும் என்றார் அண்ணி. தச்சரும் ஆமாம் என்றார். பத்து நாளாகியும் பழகவில்லை. இதற்குள் முட்டையும் வர ஆரம்பித்தது. அந்தப் பெட்டிகளிலேயே இரவு முழுதும் படுத்து எச்சமிட்டு, காலையில் அதன் மேலேயே முட்டையும் இட்டன. வந்த முட்டையில் பாதி அழுக்கு, பாதி உடைசல். கேஷியர் உடைந்ததைக் கொத்தித் தின்று ருசி கண்டுகொண்டு, உடையாததையும் உடைக்க ஆரம்பித்தது. முட்டை போகிறது என்றால் அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு என்று அண்ணன் மறுபடி கேண்டீன் பேச்சை எடுத்தார். அண்ணியும் தச்சரும் வரைபடத்தைக் கூட்டின் மேல் விரித்துவைத்து, அளவுகோலை வைத்து, ஒவ்வோர் அங்குலமாகச் சரிபார்த்தார்கள். கூடு வரைபடம் போலவே இருந்தது. வரைபடம் விதிப்படியே இருந்தது. கோழிகள்தாம் சரியில்லை.

சீருடை வேலை ஒருவழியாக முடிந்து, அண்ணனின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்து எடுத்துக்கொண்டு தச்சரின் மனைவி அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் வந்தாள். தெருவழியாகச் சுற்றிக்கொண்டு, அண்ணி வீட்டு முன்வாசலில் நுழைந்து, சமையலறையைத் தாண்டித் தோட்டத்துக்கு வந்தாள். கூட்டை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தாள். கூட்டைச் சுற்றி வந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் கையில் இருந்த சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்னம்மா?" என்றார் அண்ணி.

"அக்கா, கோழி எங்க தூங்கும்னு யாராவது கேட்டீங்களா? உள்ள எது உசரமோ அங்கதான் ஏறி உக்காரும். நீங்க பெட்டியை உச்சியில வெச்சுட்டு, கட்டையைத் தரையில வெச்சிருக்கீங்க. பெட்டி கீழ, இருட்டா இருக்கணும். கட்டை மேல."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று தச்சர் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வீட்டில் முப்பது கோழி வளர்த்தவள்தானே என்று அவள் திருப்பிக் கேட்டாள். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இதைத் தச்சர் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

"முதல்ல பெட்டி கீழதான் இருந்துச்சு" என்றார் அண்ணி மெதுவாக. "ஜன்னல் அங்க வந்ததால மேல போச்சு."

"நல்லா இருந்த ஜன்னலை யாரு அங்க மாத்தச் சொன்னது?"

தச்சர் வேலிக் கம்பு ஒன்றை ஆட்டிப் பார்த்தார். அது உறுதியாகத்தான் இருந்தது. அண்ணி அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு பெட்டி வேற எதுக்கு? ரெண்டு போதும். ரெண்டு வெச்சாலும் ஆறும் ஒண்ணுக்குத்தான் அடிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே, சட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள் தச்சரின் மனைவி. அப்புறம், யாரையும் பார்க்காமல், குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னாள். "என் அறையில ஒரு ஜன்னல் இருந்திருந்தா முதல் நாளே எட்டிப் பாத்துச் சொல்லியிருப்பேன்."

சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டு வந்த வழியே போய்விட்டாள். மீதி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமிஷனர் மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

தச்சர் தன் மேல் உள்ள குற்றத்தைக் கணக்குப் பார்க்க முயன்றார். அண்ணி விதியைப் பிடித்தார், ஏனென்றால் அது அவர் வேலை. இவர் அதே விதியைப் பிடித்தது எதற்காக? ஒரு கோழியின் ஜன்னலை அடைத்தால் தன் வீட்டு ஜன்னல் திறக்கும் என்று எந்தப் புத்தியுள்ளவன் நினைப்பான்? நினைத்திருக்கிறார். அதற்கு மேல் அந்த யோசனை நல்ல இடத்துக்குப் போகவில்லை, விட்டுவிட்டார்.

மூன்று நாள் கழித்து அண்ணி பட்டறைக்கு வந்தார். கையில் ஒரே ஒரு தாள். வழக்கமான வெள்ளைத் தாள் இல்லை. பழைய டிரேசிங் தாள், தேயிலை நிறத்துக்குப் பழுத்து, மடித்த இடங்களில் இற்றுப்போயிருந்தது. அதைப் பலகையின் மேல் விரித்து, பறக்காமல் இருக்க இழைப்புளியை ஒரு முனையிலும் உளியை மறுமுனையிலும் வைத்தார்.

தோட்டத்தின் நடுவில், சுவரிலிருந்து எட்டடி தள்ளி, கோழிக்கூடு. தூங்குகட்டை மேலே, முட்டைப் பெட்டி இரண்டு மட்டும், கீழே, இருட்டு மூலையில். இந்தக் கோடெல்லாம் கறுகறுவென்று புத்தம் புது மை. தச்சர் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். பிறகு அவர் கண் தாளின் ஓரத்துக்குப் போயிற்று.

ஓரத்தில் வேலி. வேலிக்கு அப்பால் அவருடைய தையல் அறை. அதன் மை பழுப்பாக வெளிறியிருந்தது. தோட்டத்தைப் பார்த்த சுவரில் ஒரு ஜன்னல். அவர் அந்தக் காலத்தில் வரைந்து கொடுத்த, உயரத்தில் வைத்த சின்ன ஜன்னல் இல்லை. நாலடி அகலம். தரையிலிருந்து இரண்டரை அடியில் ஆரம்பம். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளின் கண்ணுக்கு நேராகத் தோட்டம் தெரியும் உயரம். அதுவும் வெளிறிய மையில்தான் இருந்தது. மூலையில் சின்ன எழுத்தில் தேதி. பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அவருடைய வரைபடம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்த அதே வாரம்.

அதன் கீழே மட்டும் புது மையில் ஒரு வரி. பக்கத்து மனைக்காரரான தனக்கும், தன் மனையில் குடியிருக்கும் ஆறு பேருக்கும் இந்த ஜன்னலில் ஆட்சேபணை இல்லை. கையெழுத்து. அதில் இன்றைய தேதி.

தச்சர் அந்தத் தாளைத் தொடவில்லை. தொட்டால் மடிப்பில் கிழிந்துவிடும் போலிருந்தது.

"இது எப்ப வரைஞ்சீங்க அண்ணி?"

"தேதி போட்டிருக்கே."

"அப்ப ஏன் குடுக்கல?"

அண்ணி ஆணி டப்பாவுக்குள் கை விட்டு, அவர் சீவி வைத்திருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வடக்கு போட்டிருக்கேனான்னு பாரு" என்றார்.

போட்டிருந்தது. பழைய மையில் ஒரு சின்ன அம்பு, பக்கத்தில் வாலில் சிறகு வைத்த புது அம்பு, இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன.

மறுநாள் தச்சர் அந்தத் தாளை நகரசபையில் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு, மேஸ்திரியைக் கூட்டிவந்து சுவரை உடைத்தார். அவர் மனைவி மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தாள். கூடு தோட்டத்தின் நடுவுக்கு நகர்ந்தது, அதில் தூங்குகட்டை மேலே ஏறியது, பெட்டிகள் இரண்டாகக் குறைந்து கீழே இறங்கின. அன்று மாலையே ஆறு கோழியும் வரிசையாகக் கட்டையில் போய் உட்கார்ந்தன. அண்ணன் கேண்டீனை மறந்தார்.

அந்தத் தாளைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். தானே எழுதிக் கொடுத்துத் தானே அனுமதியும் கொடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று பயந்திருப்பார் என்று அவருடைய பழைய அலுவலகத்தில் சொன்னார்கள். தம்பி வந்து கேட்கட்டும் என்று காத்திருந்திருப்பாள் என்றார் அண்ணன். தன் நாற்காலியின் உயரம் அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் தச்சரின் மனைவி ஒரு தடவை கேட்டாள். வீட்டில் வெள்ளைத் தாள் கட்டுக் கட்டாக இருந்தது. அண்ணி அதில் ஒன்றை எடுக்காமல், எங்கேயோ மடித்து வைத்திருந்த அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்து, அதில் காலியாகக் கிடந்த தோட்டத்தில் கோழிக்கூட்டை வரைந்து கொடுத்தார்.